தண்ணீர்க் கதவு

முதலில் கோப்பைதான் விழுந்தது.
எனாமல் கோப்பை, உடையவில்லை,
மைலோ மட்டும் தரையெல்லாம்.
இடது வாயோரம் இழுத்து, இடது கை மடங்கி,
மூன்று எண்ணுமுன் எல்லாம் பழையபடி.
"என்னா பாக்குறீங்க?" என்றாள் தேவமலர்.

மறுநாள் பதினொரு தடவை.
வாரக் கடைசியில் நாற்பது.
எடைமேடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில்
கோடு கோடாய்க் கிழித்தேன்,
ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு,
செம்பனைக் குலை எண்ணுவது போல.

இருபத்தாறு வருஷம் ஆலையின் எடைமேடையில் அவள்.
மரங்களுக்குப் பின்னால் லோரி உறுமினாலே
நம்பர் சொல்லிவிடுவாள்.
அன்று எடை போட்ட லோரியை மறுபடி நிறுத்தி
"ஏன் இன்னும் எடை போடலே?" என்று
சுகுமாரனைத் திட்டியிருக்கிறாள்.
அவளெதிரில் சிரித்தவன்
என்னிடம் வந்தபோது சிரிக்கவில்லை.

பந்திங் கிளினிக்கில் நரம்புத் தளர்ச்சி என்றார்கள்.
பக்கத்து வீட்டில் வேறொன்று சொன்னார்கள்.
எலுமிச்சம்பழம் வாங்கினேன், மறைக்க மாட்டேன்.
வலிப்பு மாத்திரை ஒரு நிறம், பிறகு இரண்டு, பிறகு மூன்று.
அவள் தூங்கினாள்.
கை தூங்கவில்லை.

கிள்ளான் மருத்துவமனையில்
ரத்தத்தில் உப்புக் குறைவு என்று முதலில் பிடித்தது
கண்ணில் தூக்கம் வழிந்த ஒரு பயிற்சி டாக்டர், நூருல் ஹுடா.
"என் சமையல்ல உப்புக் குறையா?"
அந்த வாரம் தேவமலர் முழுதாய்ச் சொன்னது
இதொன்றுதான்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீர்
குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.
பதினாறு நாள் கழித்து டாக்டர் செங்
மலாயில், மெதுவாகச் சொன்னார்:
மூளையில் அழற்சி. கிருமி எதுவும் இல்லை.
உடம்பைக் காக்க வேண்டியதே
மூளையைக் கடித்துக்கொண்டிருக்கிறது.
வலிப்பு மாத்திரைக்கு அந்தச் சண்டை கேட்காது.

நான் பேசாமலிருந்தேன்.
புரியவில்லை என்று நினைத்து
காகிதத்தில் மூளை வரையத் தொடங்கினார்.
எனக்கு அதற்கு முன்பே புரிந்திருந்தது.
நான் தோட்டத்தில் தண்ணீர்க் கதவுக்காரன்.
எங்கள் மண் காம்புட் மண்,
ஆயிரம் வருஷத்து மரம் மட்கிக் கறுத்தது.
வெயில் மாதத்தில் அடியில் தீப்பிடிக்கும்.
புகை ஒரு பிளாக்கில் வரும், நெருப்பு வேறொன்றில் இருக்கும்.
புகையின் மேல் வாளியால் ஊற்றுகிறவன்
வேலைக்குப் புதுசு.
வாய்க்காலில் பலகை இறக்கித் தேக்கி
மண்ணுக்குள் நீரை ஏற விட வேண்டும்.
ராத்தூக்கம் போகும்.

ஐந்து நாள் ஸ்டீராய்ட், ரத்தக் குழாய் வழியாக.
மூன்றாம் நாள் சீட்டில் ஆறு கோடு.
ஐந்தாம் நாள் ஒன்று,
அதுவும் நான் பயத்தில் போட்டதாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்தாள். முகம் உப்பிப்போய்,
சர்க்கரை ஏறி, ராத்திரி இரண்டு மணிக்கு
ரொட்டியும் நெத்திலிச் சம்பலும் கேட்டு.
இல்லை என்றதற்கு ரிமோட்டை எறிந்தாள்,
இடது கையால்.
கை எறியவில்லை. அவள் எறிந்தாள்.
நெற்றியைத் தேய்த்துக்கொண்டே
அடுப்பைப் பற்றவைத்தேன்.

போன ஜூனில் நடந்த மகள் கல்யாணம் அவளிடம் இல்லை.
ஆல்பத்தைப் புரட்டி
"இந்தச் சேலை யாரு எடுத்தா?"
"நீதான்."
"வெலை ஜாஸ்தி."

மாத்திரையைப் பாதிப் பாதியாய்க் குறைக்க வேண்டும்,
திடீரென்று நிறுத்தக் கூடாது,
திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார் செங்.
மழை இல்லை. நாலாம் பிளாக்கில்
இன்று காலை லேசாகக் கருகல் வாடை.
மோட்டாரில் அவளும் வந்தாள்.
கதவடியில் நிற்கும்போது
மரங்களுக்குப் பின்னால் ஒரு லோரி.
"நாலாயிரத்து எழுநூத்துப் பதினொன்னு" என்றாள்.

வந்தது சுகுமாரன்தான்.
நம்பர் அதில்லை.
போன வருஷம் கழித்துக் கட்டிய
அவனுடைய பழைய லோரியின் நம்பர் அது.

நான் திருத்தவில்லை.
குனிந்து மண்ணில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
பிறகு பலகையை இன்னும் ஒரு சாண் இறக்கினேன்.